கீழ் வரிசைப் பெயர்

போன வாரம் நாச்சாளை ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கின் வாசல் நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வந்தோம். உள்ளே அவள் மகள் பிரீத்திக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். தாதி ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாயாரைக் கேட்டாலே போதும் என்று நினைத்தாளோ என்னவோ, நாச்சாளிடம் இரண்டு கேள்வி கேட்டாள்.

கணவனும் மனைவியும் இரத்த உறவா? இல்லை என்றாள் நாச்சாள்.

குடும்பத்தில் இதயக் கோளாறில் இறந்த குழந்தை யாராவது உண்டா? அதற்கும் இல்லை என்றாள். ஆனால் இந்த இரண்டாவது இல்லையைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு கூடுதலாகப் பிடித்தது. தாதி அதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்தோம்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. குழந்தையின் இதயம் சரியாகத் தெரியவில்லை, திங்கட்கிழமை இதய நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்றார். குழந்தை திரும்பிப் படுத்திருக்கிறது போல என்று பிரீத்தி எடுத்துக்கொண்டாள். தானும் அப்படியே எடுத்துக்கொள்ள நாச்சாள் மூன்று நாளாகப் படாத பாடு படுகிறாள்.

இன்று சனிக்கிழமை. திங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் தாயும் மகளும் நாய்க் கண்காட்சிக்குக் கிளம்பினார்கள்.

"நீ வீட்டுல படுத்திருக்கலாம்ல?" என்றாள் நாச்சாள், காரை எடுத்தபடி.

"படுத்தா அதேதான் ஓடுது ஆத்தா. அங்க வந்தாலாச்சும் இந்தக் குண்டுப் பொண்ணு நடக்கறதப் பாப்பேன்" என்றாள் பிரீத்தி.

குண்டுப் பொண்ணு பின் சீட்டில் இருந்தது. பெயர் பணியாரம். ஆறு மாதமும் பத்து நாளும் ஆன புல்டாக் குட்டி. முகம் முழுக்க மடிப்பு, கீழ்த்தாடை மேல்தாடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று அமுங்கிக் கிடக்கும். தூங்கும்போது விடும் குறட்டையில் அடுத்த வீட்டுச் சீனத்து அம்மா ஒருமுறை கதவைத் தட்டி, வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அந்தப் பெரியவர் சாத்தப்பன், நாச்சாளின் கணவர், அன்றைக்குக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தார். இன்றைக்கும் கடையில்தான் இருக்கிறார். நாய்க்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை.

பணியாரத்தின் இரண்டு பக்கமும் ஈரத்துண்டில் சுற்றிய ஐஸ் பைகள். நடுவில் சின்ன மின்விசிறி. அதைப் பிடித்தபடி விவேக். நாச்சாளின் மகன், இருபத்தாறு வயது, செனாயில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வேலைக்குப் போகும்போதுகூட இவ்வளவு சுத்தமாகச் சட்டை போட்டு அவனைப் பார்த்ததில்லை.

"ஏர்கோன கூட்டுங்க ஆத்தா. அதுக்கு மூச்சு வாங்குது."

"எனக்கே குளிர் நடுக்குதுடா."

"அதுக்கு நடுங்கல. கூட்டுங்க லா."

நாச்சாள் கூட்டினாள். குட்டிக்கு மூச்சு வாங்குவது அவளுக்கும் காதில் விழுந்தது. புல்டாக் என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் அதை யாரும் தனியாகக் கேட்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குட்டி பிறந்ததற்கே நாச்சாள்தான் காரணம்.

மூன்று வருடத்துக்கு முன் விவேக் கூலாயிலிருந்து போண்டா என்ற பெண் புல்டாக்கை வாங்கி வந்தான். கூடவே ஒரு காகிதமும் வந்தது, நாயின் வம்சாவளி. இடது ஓரத்தில் நாயின் பெயர். அதை அடுத்து அப்பா, அம்மா என்று இரண்டு பெயர். அடுத்து நான்கு, அடுத்து எட்டு. மேல் பாதி அப்பா வழி, கீழ் பாதி அம்மா வழி. விவேக் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழித்தான். மூன்றாம் நாள் நாச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஐந்தே நிமிடம்.

"இது என்னடா பெரிய விஷயம்? பேருக்கு முன்னால வருதே இது, அந்த வீட்டு விலாசம். எந்த வீட்டுல பொறந்துச்சோ அந்த விலாசம். கல்யாணத்துக்குப் பாக்கற மாதிரிதான்."

அவள் சொன்னது சரி. நாய் வளர்ப்பவர்கள் தங்கள் கூடத்துக்கு ஒரு பெயர் பதிந்து, பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அதை முன்னால் போடுகிறார்கள். நாச்சாள் முப்பத்தேழு கல்யாணம் முடித்து வைத்தவள். மூவாரிலிருந்து பினாங்கு வரை எந்தச் செட்டியார் வீடு எந்தக் கோவில், எந்தப் பிரிவு, யாருக்கு யார் என்ன முறை என்று விரல் நுனியில் வைத்திருப்பவள். ஒரே கோவில் என்றால் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேறு கோவில் என்றால் சம்பந்தம் செய்யலாம். அம்மான் மகனும், அதாவது தாய்மாமன் மகனும், அயித்தை மகளும் வேறு வேறு கோவில், அதனால் அது முதல்தரமான முறை.

போண்டாவுக்கு ஜோடி தேடியபோது இரண்டு ஆண் நாய்களின் காகிதம் வந்தது. நாச்சாள் இரண்டையும் மேஜையில் பரப்பினாள். ஒரு நாயின் தகப்பனும் போண்டாவின் தாயும் கூடப்பிறந்தவர்கள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இவன் போண்டாவுக்கு அம்மான் மகன்டா! மேல அப்பா வழியப் பாரு, விலாசம் வேற வேற. பங்காளி இல்ல. நான் பிரீத்திக்கு முடிச்சேன்ல, அச்சு அசலா அதே பொருத்தம்."

பிரீத்தியின் கணவன் கண்ணப்பன், நாச்சாளின் அண்ணன் மெய்யப்பனின் மகன். அவன் வைரவன் கோவில், பிரீத்தி நேமங்கோவில். தாதி கேட்டபோது நாச்சாள் இரத்த உறவு இல்லை என்று சொன்னது பொய்யில்லை. அவள் கணக்கில் இரத்தம் ஆண் வழியில் ஓடுவது. அம்மான் வீடு சம்பந்தி வீடு. அதைப் போய் யாராவது இரத்த உறவு என்பார்களா?

போண்டாவுக்கு மூன்று குட்டி பிறந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், புல்டாக்குக்கு அது வழக்கம். முதல் வாரத்திலேயே இரண்டு போய்விட்டன. மூன்றாவதை விவேக் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டி, சட்டைக்குள் வைத்துச் சூடு கொடுத்து ஆளாக்கினான். அதுதான் பணியாரம்.

கண்காட்சி, உலு திராம் போகும் சாலையில் ஒரு சீனர் சங்க மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் ஷாம்பு வாசனையும் அவித்த ஈரல் வாசனையும் ஒன்றாக அடித்தது. இருநூறு நாய்களாவது இருக்கும். நாயைவிட அதிகம் குரைத்தது ஒலிபெருக்கி.

விவேக் மடக்கு நாற்காலியைப் பிரித்து அக்காவை உட்கார வைத்தான். குட்டியை ஈரத்துண்டின் மேல் நிறுத்தி முக மடிப்புகளைப் பஞ்சால் துடைத்தான். வால் அடியில் இருக்கும் குழியையும் துடைத்தான். எட்டு வாரமாக ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போய் வந்தவன். நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வைப்பது, நடுவர் வாயைப் பிரித்துப் பார்க்கும்போது கடிக்காமல் இருக்கப் பழக்குவது, தளர்ந்த கயிற்றில் முக்கோணமாக நடத்திக் கொண்டுவருவது, எல்லாம் கற்றுக்கொண்டான். குட்டி கற்றுக்கொண்டதா என்பது வேறு விஷயம். அது ஈரலை மட்டும் கற்றுக்கொண்டது.

"தம்பி, மொத ஷோவா?" என்றார் பக்கத்து இடத்தில் இருந்தவர். ஐம்பது வயது இருக்கும். தடித்த உடம்பு, அவர் காலடியில் அவரைப் போலவே ஒரு புல்டாக்.

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

"கை நடுங்குதே. நடுங்கட்டும் லா, இருவது வருஷமா எனக்கும் நடுங்குது. நாம நடுங்கினா கயிறு வழியா நாய்க்குப் போயிடும், அதான் பிரச்சன. கயித்த லேசாப் பிடி."

பெயர் திருச்செல்வம். கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாச்சாளைப் பார்த்து, "வாங்க ஆச்சி, பசியாறியாச்சா?" என்று நெடுநாள் பழகியவர் போலக் கேட்டார். நாச்சாளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. குட்டியின் நெஞ்சையும் தோளையும் அவர் கையால் அளந்து பார்த்து, "தல நல்லா இருக்கு. நல்ல பொண்ணு" என்றார். விவேக்கின் முகத்தில் அன்றைக்கு வந்த ஒரே வெளிச்சம் அதுதான்.

பதினொரு மணிக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதக் குட்டிகளைக் கூப்பிட்டார்கள். மொத்தம் மூன்றே குட்டி. நடுவர் தைவானிலிருந்து வந்த நரைத்த தலை அம்மையார். ஒவ்வொரு குட்டியிடமும் குனிந்து, தலையை இரண்டு கையாலும் தொட்டு, உதட்டைத் தூக்கிப் பல் வரிசையைப் பார்த்து, முதுகில் கை ஓட்டினார். பணியாரத்திடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"ஆத்தா, அவங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று பிரீத்தி தாயின் கையைப் பிடித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை நாச்சாள் பார்த்தாள். இந்தக் குட்டி ஜெயித்துவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று ஒரு நினைப்பு நாச்சாளுக்கு ஓடியது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

முக்கோண நடை நன்றாகவே வந்தது. பிறகு நடுவர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். மூன்று குட்டியும் சேர்ந்து வளையத்தைச் சுற்ற வேண்டும்.

பாதி வட்டம் வரை பணியாரம் வந்தது. அதன் பிறகு உட்கார்ந்தது. கூட்டம் சிரித்தது, குட்டிகள் அப்படி உட்காருவது சகஜம். விவேக் ஈரலைக் காட்டினான். குட்டி ஈரலைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து படுத்து, வாயைத் திறந்து நாக்கை வெளியே போட்டது.

நாக்கு நீலமாக இருந்தது.

நாச்சாள் எழுந்துவிட்டாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முன் அவள் பார்த்த நிறம்.

விவேக் குட்டியை வாரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கண்காட்சிக்கென்று வந்திருந்த கால்நடை மருத்துவர் லோஷினி, சின்னப் பெண், தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகமூடி போல ஒன்றை வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தாள். காதில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"இங்க கை வச்சுப் பாருங்க அண்ணா" என்று விவேக்கின் கையை எடுத்துக் குட்டியின் விலாவில் வைத்தாள். "நெஞ்சுக்குள்ள அதிருது, தெரியுதா? இதயத்துலேர்ந்து நுரையீரலுக்குப் போற பாதை குறுகலா இருக்கும்னு நெனக்கிறேன். ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"வெயில்ல வந்ததாலயா?"

"இல்ல, பொறந்ததுலேர்ந்தே இருக்கும். இனிமே ஓட விடாதீங்க. ஷோ வேண்டாம்."

"எவ்வளவு நாள்..." என்று ஆரம்பித்து விவேக் முடிக்கவில்லை.

"சொல்ல முடியாது லா. சாரி." லோஷினி குட்டியின் நெற்றியைத் தடவினாள். "இதோட அப்பா அம்மா சொந்தமா?"

பதில் வருவதற்குள் லோஷினியை வேறு பக்கம் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

நாக்கின் நிறம் மெல்லத் திரும்பி வந்தது. விவேக் குட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். புதுச் சட்டை முழுக்க எச்சில். திருச்செல்வம் குனிந்து, அவன் கோப்பிலிருந்து நழுவி விழுந்திருந்த காகிதத்தை எடுத்தார். பணியாரத்தின் வம்சாவளி. அவர் கண் நேராகக் கீழ் வரிசைக்குப் போனதை நாச்சாள் கவனித்தாள். தன் விரல் எப்போதும் மேல் வரிசையில்தான் போகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அலமாக்" என்று மலாய் மொழியில் பதறினார் திருச்செல்வம். "ஜாஸ்மின்."

"யாரு?"

"இந்தக் கடசி வரிசயில எட்டாவது பேரு பாருங்க ஆச்சி. ஜாஸ்மின்னு ஒரு பொட்ட நாய். இப்ப மேல வாங்க, ரெண்டாவது பேரு. அதே ஜாஸ்மின். அப்பா பக்கத்துக்கும் அதுதான் பாட்டி, அம்மா பக்கத்துக்கும் அதுதான் பாட்டி."

"அது தெரியும் தம்பி. அம்மான் மகன், அயித்தை மக. முறைதானே? விலாசம் வேற வேறயா இருக்கே."

திருச்செல்வம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நாச்சாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆச்சி, சொந்தத்துல ஜோடி போடறது தப்புன்னு நான் சொல்லல. பெரிய பெரிய ஆளுங்க செய்யறதுதான். ஆனா எந்த நாய ரெண்டு பக்கமும் கொண்டாறீங்களோ, அதோட நல்லதும் ரெண்டு பக்கமும் வரும், கெட்டதும் ரெண்டு பக்கமும் வரும். ஆம்பள வழி பொம்பள வழின்னு ரத்தம் பாக்காது."

"கெட்டது என்னன்னு இதுல போடலையே?"

"பேப்பர்ல பேரு மட்டும்தான் இருக்கும். சீக்கு இருக்காது. அத ஆளக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். இந்த ஜாஸ்மின் நாலு தரம் குட்டி போட்டுச்சு. ஒவ்வொரு தரமும் ஒண்ணு ரெண்டு நாக்கு நீலமாப் போயி செத்துச்சு. கூலாய்ல புல்டாக் வளக்கற அத்தன பேருக்கும் தெரியும். என்னயக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன். நீங்க யாரயும் கேக்கல, இல்ல?"

"இல்ல" என்றாள் நாச்சாள். இந்த வாரம் அவள் சொன்ன மூன்றாவது இல்லை இது. இது ஒன்றுதான் முழு உண்மை.

முப்பத்தேழு கல்யாணம். ஒவ்வொன்றிலும் கோவில் கேட்டிருக்கிறாள், படிப்பு கேட்டிருக்கிறாள், ஜாதகம் கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் சின்னதிலேயே போன பிள்ளை உண்டா என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. கேட்டால் அடிக்க வருவார்கள். அவளைக் கேட்டிருந்தால் அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

பிரீத்தி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள் என்பது நாச்சாளுக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. பிரீத்தி தம்பியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். கண்காட்சிப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி, இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். பெயர் எழுதவில்லை, இன்னும் பெயர் இல்லாத பிள்ளை. அடுத்து கண்ணப்பன், பிரீத்தி. அடுத்து நான்கு பெயர். அதில் மேலே மெய்யப்பன், அடியில் நாச்சாள். அடுத்த எட்டை அவள் முழுதாக எழுதவில்லை. இரண்டாவது இடத்தில் தாயைப் பெற்ற உமையாளின் பெயரை எழுதினாள். பிறகு கீழே வந்து, எட்டாவது இடத்தில் அதே பெயரை இன்னொரு முறை எழுதினாள்.

"பிரீத்தி, அது நாய்ம்மா" என்றாள் நாச்சாள்.

"தெரியும் ஆத்தா."

"எத்தன பேரு கட்டியிருக்காங்க. எல்லாப் பிள்ளையும் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. அதனாலதான் நானும் சரின்னேன்." பிரீத்தி பேனாவை மூடினாள். "கிளினிக்ல நர்ஸ் உங்களக் கேட்டிருப்பாங்களே. சொந்தம்னு சொன்னீங்கதானே?"

நாச்சாள் குனிந்து காலி நாற்காலியை மடக்கத் தொடங்கினாள்.

"ஆத்தா. சொன்னீங்கதானே?"

"வீட்டுக்குப் போலாம், வா" என்றாள் நாச்சாள்.

மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. விவேக் குட்டியைப் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் மல்லாத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். பிரீத்தி முன் சீட்டில். நாச்சாள் ஓட்டினாள். உலு திராம் சாலையில் சனிக்கிழமை ஜாம். ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனார்கள்.

ஓட்டுகிறவள் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் நாச்சாளால் வாயைத் திறக்க முடிந்தது.

"இல்லன்னு சொல்லிட்டேன்மா."

பிரீத்தி திரும்பவில்லை.

"அம்மான் வீட்ட ரத்த சொந்தம்னு நான் நெனச்சதே இல்ல. சத்தியமா. அது பொய்யாச் சொல்லல." லாரி நகர்ந்தது, இவளும் நகர்ந்தாள். "ஆனா அவ இன்னொண்ணு கேட்டா. நெஞ்சுக் கோளாறுல செத்த பிள்ளை வீட்டுல உண்டான்னு. அதுக்கும் இல்லன்னேன். அது பொய்."

"யாரு ஆத்தா?" என்றது பின் சீட்டிலிருந்து விவேக்கின் குரல்.

"எனக்குப் பின்னால ஒரு தம்பி பொறந்தான். எனக்கு ஆறு வயசு. அவனத் தூக்க விடமாட்டாங்க. அழுதா உதடு நீலமாயிடும், நகம் நீலமாயிடும். பால் குடிக்கறப்பவே வேர்த்துக் கொட்டும். ஒம்போது மாசம் இருந்தான். பாலாரிஷ்டம், சின்னதுலயே போற ஜாதகம்னு ஜோசியர் சொன்னாரு. அதோட யாரும் பேசல. எங்க ஆத்தா சாகற வரைக்கும் அவன் பேர எடுக்கல. நானும் அண்ணனும்கூடப் பேசினதில்ல."

அவள் அழவில்லை. அழுதால் ரோடு தெரியாது.

"எனக்கு நிச்சயம் பண்றப்போ ஞாபகம் வந்துச்சா ஆத்தா? அதச் சொல்லுங்க" என்றாள் பிரீத்தி. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

நாச்சாள் யோசித்தாள். வந்தது. நிச்சயத் தட்டை அண்ணனும் அண்ணியும் எடுத்துக்கொண்டு படியேறியபோது ஒரு நொடி வந்தது. நல்ல நாளில் இதென்ன நினைப்பு என்று தள்ளிவிட்டாள்.

"வந்துச்சு" என்றாள்.

பிரீத்தி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பணியாரத்தின் மூச்சு மட்டும் பின்னாலிருந்து கேட்டது, இழுத்து இழுத்து. மூன்று பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மகள் கத்தினால் தேவலை, திட்டினால் தேவலை என்று நாச்சாளுக்கு இருந்தது.

"திங்கட்கிழம நீங்க வரணும். டாக்டர் முன்னால இத நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பிரீத்தி.

"சொல்றேன்மா."

"உங்களுக்கு அப்ப ஆறு வயசு. முழுசாத் தெரிஞ்சிருக்காது. டாக்டர் கேட்டா என்ன சொல்வீங்க? அம்மானக் கேக்கறேன். அவங்க உங்கள விடப் பெரியவங்க."

"அவரக் கேக்காதம்மா. அவரு மனசு..."

பிரீத்தி அதற்குள் போனில் எண்ணை அழுத்திவிட்டாள். மூவாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு மணி போனது. மெய்யப்பனின் குரல் காரின் ஒலிபெருக்கியில் நிறைந்தது. நல்ல கனத்த, சந்தோஷமான குரல்.

"சொல்லும்மா! என் பேரன் என்ன செய்யறான்? ஒதைக்கிறானா?"

பிரீத்தி கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மான், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. டாக்டருக்குச் சொல்லணும். உங்க கூடப்பொறந்த பிள்ளை ஒண்ணு சின்னதுலயே தவறிப்போச்சாமே, நீலமாப் போயி. ஆத்தா இப்பத்தான் சொன்னாங்க. அதுக்கு நெஞ்சுலதான் கோளாறா?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு டிவி ஓடியது, அதை யாரோ நிறுத்தினார்கள். திரும்பி வந்த குரல் வேறு ஆளுடையது போல இருந்தது.

"எதுக்கும்மா டாக்டருக்கு இதெல்லாம்?"

"சொல்லுங்க அம்மான்."

மெய்யப்பன் பெருமூச்சு விட்டார்.

"நீ எந்தப் பிள்ளையக் கேக்கற? மூத்தவனையா, சின்னவனையா?"

நாச்சாளுக்குத் தெரிந்தது சின்னவனை மட்டும்தான்.